பத்து நிமிடக் குளிர்

முதலில் நினைவுக்கு வருவது நோர்வேயிலிருந்து வந்த அந்த அக்காவின் வலக்கை. வானின் முன் இருக்கையில் சாய்ந்திருந்தபடி, டாஷ்போர்டில் காற்று வருகிற சதுரத் துவாரத்தின் முன்னால் அந்தக் கையை நீட்டி வைத்திருந்தார். எல்லோரும் உள்ளங்கையைத்தான் காட்டுவார்கள். அவர் புறங்கையைக் காட்டினார். குளிரும் சூடும் புறங்கைத் தோலுக்குத்தான் சட்டென்று தெரியும். வேலை செய்து காய்த்துப்போன உள்ளங்கை பொய் சொல்லும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பழகிப் பழகிக் கண்டுகொள்கிற விஷயம் இது. இந்த மனிசிக்கு இது எப்படித் தெரியும் என்று அன்றைக்கே நான் கேட்டிருந்தால் ஒரு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் அப்போது என்னிடம் இருக்கவில்லை.

மருதனார்மடச் சந்தியிலிருந்து சற்று உள்ளே, சந்தைக்கு மரக்கறி ஏற்றிவரும் லொறிகள் திரும்புகிற ஒழுங்கையில் என் கராச் இருக்கிறது. வாகனங்களின் ஏசி வேலை மட்டும்தான் செய்வேன். எஞ்சின் இரைகிறது, பிரேக் பிடிக்கவில்லை என்று யாராவது வந்தால் அடுத்த ஒழுங்கைக்கு அனுப்பிவிடுவேன். ஒரு வேலையை மட்டும் செய்கிறவனுக்கு வருகிற திமிர் எனக்கும் வந்திருந்தது. வண்டி வாசலில் வந்து நிற்கும்போதே, சாரதி வாயைத் திறக்கும் முன்பே, காஸ் இறங்கிவிட்டது, கொம்பிரசர் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்து தொலைத்தது. அதனால் வந்த வினைதான் எல்லாம். "நீங்கள் டொக்டர் மாதிரி இல்லை, சாதகம் பாக்கிற சாத்திரி மாதிரிக் கதைக்கிறியள்" என்று என் மனைவி சொல்லுவாள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்த வான் முதன்முதலாக வந்த நாளில் ஒழுங்கையே கூடிவிட்டது. கூரை உயர்ந்த யப்பான் வான். உள்ளே ஒரு கட்டில், மடித்து வைக்கக்கூடிய மேசை, கைகழுவும் தொட்டி, ஒற்றை அடுப்பு, சுவரோடு சுவராக அலுமாரிகள், திரைக்குப் பின்னால் ஒரு சின்னக் கழிப்பறை. வீட்டு வான் என்று ஊர் அதற்குப் பெயர் வைத்திருந்தது. சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். எல்லாம் இருக்கிறது, சாமியறை மட்டும் இல்லை என்று ஒரு பெண் குறை சொல்ல, அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்த பிள்ளையார் படத்தை அக்காவே திறந்து காட்டினார். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

வண்டியைக் கொண்டுவந்தவர் அக்காவின் கடைசித் தம்பி. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் அவரை இன்னமும் மனேச்சர் என்றுதான் அழைத்தது. நல்ல மனிதர், ஆனால் உலகம் முழுவதையும் தானே பொறுப்பேற்று நடத்துகிறவர் போன்ற முகம். அக்கா நோர்வேயில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டு வட்டுக்கோட்டையிலுள்ள பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தார். கணவர் அங்கேயே காலமாகிவிட்டார். மகன் வேறொரு நகரத்தில் குடும்பமாக இருக்கிறான். அக்காவுக்கு நரம்பு நோய். உடம்பில் சூடு ஏறினால் கால்கள் சொன்னதைக் கேட்காது, கண் மங்கும், நாக்குக் குழறும்; குளிர்ந்தால் மெல்ல மெல்ல எல்லாம் திரும்பி வரும். அப்படிப்பட்டவர் ஆடி மாத வெயிலுக்கு நடுவில் யாழ்ப்பாணத்தில் வந்து இருக்கப் போகிறேன் என்று நின்றால் யாருக்குத்தான் பயமில்லை. வீட்டில் ஓர் அறைக்கு ஏசி பூட்டியாயிற்று. ஆனால் மீதிக் காலம் முழுவதும் ஓர் அறைக்குள் படுத்திருக்க அவர் வரவில்லை. கோயில், கடற்கரை, சொந்தக்காரர் வீடு என்று எல்லா இடத்துக்கும் போகவேண்டும், போகிற இடத்தில் யாருக்கும் கரைச்சல் கொடுக்காமல் வண்டிக்குள்ளேயே குளிரில் இருந்து இளைப்பாறவேண்டும். அதற்காகத்தான் அந்த வான். முக்கியமாக வல்வெட்டித்துறைக்குப் போகவேண்டும் என்றார். கணவரின் ஊர். கணவரின் தமக்கை, அக்காவுக்கு மச்சாள், அங்கே இடுப்பு முறிந்து நடக்கமுடியாமல் கதிரையோடு இருந்தார்.

பின்பக்கத்துக் குளிர்க் குழாய்களைத் தச்சர் அலுமாரி அடிப்பதற்காகக் கழற்றிவிட்டதால், டாஷ்போர்டில் வருகிற குளிர்தான் முழு வண்டிக்கும் என்றாகிவிட்டது. அதுவோ மூச்சுவிடுவது போல வந்துகொண்டிருந்தது. இரண்டு தரம் அந்த வண்டியில் வெளிக்கிட்டு இரண்டு தரமும் அக்கா பாதி வழியில் சோர்ந்து, தூக்கி இறக்கவேண்டியதாகிவிட்டது. ஆவணி முடிவதற்குள் வண்டி குளிராவிட்டால் அக்காவை நோர்வேக்குத் திருப்பி அனுப்புவது என்று மனேச்சர் முடிவு கட்டியிருந்தார். அங்கே மூன்றாம் மாடியில் ஒரு வீடு, பகலில் வந்துபோகும் ஒரு தாதி, ஜன்னலுக்கு வெளியே அரைவருடம் இருட்டு. இதை அவர் என்னிடம் சொன்னபோது அக்கா இரண்டடி தள்ளி இருக்கையில்தான் இருந்தார். காற்றின் முன்னால் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார்.

முதல் தடவை வேலை சுலபமாகத்தான் போனது. அலுமாரி அடித்த மரத்தூள் முழுவதும் உள்ளே இழுபட்டு, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற குளிர்ப்பெட்டியில் போய் அப்பியிருந்தது. டாஷ்போர்டை முழுதாகக் கழற்றி, பெட்டியை வெளியே எடுத்துக் கழுவி, காயவைத்துப் பூட்டினேன். காற்று சீறிக்கொண்டு வந்தது. பனிக்கட்டியில் முகம் வைத்த மாதிரி இருக்கிறது என்று மனேச்சர் சந்தோஷப்பட்டார். நான் துணியில் கையைத் துடைத்தபடி, இதெல்லாம் ஒரு வேலையா என்கிற முகத்தோடு நின்றேன்.

ஒரு கிழமையில், ஏழே நாளில், வண்டி திரும்பி வந்தது. இந்தத் தடவை காற்று நன்றாக வந்தது, ஆனால் குளிர் நிற்கவில்லையாம். வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரம் நல்ல குளிர், பிறகு வெறும் காற்று, பிறகு வெக்கை. நான் கராச்சின் மாமர நிழலில் வண்டியை நிறுத்தி, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, காஸ் அழுத்தம் பார்க்கும் மீற்றரைப் பூட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. துவாரத்தில் கை வைத்தேன், குளிர்ந்தது. வெயில் கூடிப்போச்சு, வண்டியின் தவறில்லை என்று சொல்லி, முன்னால் இன்னொரு விசிறி பூட்டி அனுப்பினேன். மறு கிழமையும் வந்தது. கொம்பிரசர் சூடானதும் களைத்துவிடுகிறது என்று என் சாத்திரம் சொன்னது. கொம்பிரசரையே மாற்றினேன். மாமர நிழல், ஐந்து நிமிடம், நல்ல குளிர். அதற்கடுத்த கிழமையும் அவர்கள் வாசலில் நின்றார்கள்.

அந்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சுடுகிறது. உச்சிவெயில். வண்டிக்குள் வெந்துபோய் வந்திருந்த அக்கா பின்னால் கட்டிலில் சாய்ந்திருந்தார், முகம் சிவந்திருந்தது. மனேச்சரும் நானும் முன்கதவில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். எப்போதும் போலத்தான், வண்டி யாருடையது, யார் அதற்குள் இருப்பது, யாருக்குச் சுடுகிறது என்பதெல்லாம் தெரிந்தும் நான் ஒருநாளும் அந்த மனிசியைப் பார்த்துப் பேசியதில்லை. எங்கள் பக்கத்தில் வண்டிப் பேச்சென்றால் ஆணோடு ஆண் பேசுவதுதான் வழக்கம். பெண்ணிடம் கேட்டால் கலர் நல்லாயிருக்கு என்பாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்போது பின்னாலிருந்து அக்கா குழறிய குரலில் கேட்டார்.

"தம்பி, உந்த ஹீற்றரைப் பாத்தனீரோ?"

நான் சிரித்தேன். உரக்கவே சிரித்தேன். "யாழ்ப்பாணத்திலை ஹீற்றர் ஆருக்கு அக்கா?" என்றேன். மனேச்சரும் சங்கடமாகப் புன்னகைத்து, அக்காவுக்கு இன்னும் நோர்வே நினைப்புப் போகவில்லை, சூட்டில் கொஞ்சம் மாறாட்டமாகக் கதைப்பா என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார். அக்காவுக்கும் கேட்டிருக்கும், ஐந்தடி தூரம்தானே. அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் குளிர்க் குழாயிலுள்ள ஒரு வால்வை மாற்றிவிட்டு, மாமர நிழலில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு அனுப்பிவைத்தேன்.

நாலு நாள் கழித்து மனேச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குப் பாய்ந்திருப்பேன். அவர் களைத்துப்போன குரலில், வண்டியை விற்கப் போகிறோம், வாங்குகிறவர்கள் யாரும் இருந்தால் சொல்லும் என்றார். அக்காவுக்கு டிக்கெட் போடத் திங்கட்கிழமை போகிறாராம். உம்மில் பிழையில்லைத் தம்பி, நீரும் உம்மால் ஏலுமானதைச் செய்தனீர் என்று வேறு சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்ன விஷயம் என்று மனைவி கேட்டாள். சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழும்பியபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எத்தினையாம் நிமிசத்திலை குளிர் போகுதெண்டு அந்த அக்காவைக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. மாற்றிய சாமான்களின் பட்டியல் எனக்கு மனப்பாடம். வண்டிக்குள் இருப்பவரைக் கேட்கவேண்டிய ஒரு கேள்வியை நான் கேட்டிருக்கவில்லை. மறுநாள் காலை கராச்சைத் திறக்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வட்டுக்கோட்டைக்குப் போனேன். போகிற வழியெல்லாம், அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

அவர்கள் வீட்டில் பயணப் பெட்டிகள் விறாந்தைக்கு வந்திருந்தன. அக்கா குளிர் அறைக்குள் இருந்தார். என்னை உள்ளே வரச் சொன்னார். அந்த அறைக்குள் நான் கண்டது வேறொரு மனிசி. கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். குரல் தெளிவாக, கொஞ்சம் அதிகாரமாகக்கூட இருந்தது. நாலு வாரமாக எனக்கு அறிமுகமானது வெயிலில் வெந்த அக்கா மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எப்போது குளிர் போகிறது என்று கேட்டேன். பத்தாவது நிமிடம் என்றார். வட்டுக்கோட்டையிலிருந்து வெளிக்கிட்டால் சங்கானை கிட்டவரும்போது என்றார். எஞ்சின் சூடு காட்டுகிற முள் நடுவுக்கு வருகிற நேரமும் அதுதான் என்றார். அக்கா, உங்களுக்கு உந்த முள்ளெல்லாம் எப்படித் தெரியும் என்று கடைசியில் கேட்டேவிட்டேன்.

"நான் அங்கை இருபது வருசம் பஸ் ஓடினனான் தம்பி."

மனேச்சருக்கும் அது தெரியும்தான். நோர்வேயில் அக்கா பஸ் ஓட்டியதை ஊரில் பெரிதாகச் சொல்லவேண்டாம் என்று குடும்பத்தில் யாரோ நினைத்திருக்கிறார்கள், போக்குவரத்துக் கந்தோரில் எழுத்து வேலை என்று சொல்லிச் சொல்லி அதுவே அவர்களுக்கும் பழகிவிட்டது. பனிக்குள்ளே அறுபது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கிய ஒரு பெண்ணிடம், மருதனார்மடத்துக்காரன் நான், யாழ்ப்பாணத்தில் ஹீற்றர் யாருக்கு என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். அதை மறைக்க, இப்போதே ஒரு ஓட்டம் ஓடிப் பார்ப்போம், நானே ஓட்டுகிறேன் என்றேன். நேரம் பதினொன்றரை. இந்த வெயிலில் வேண்டாம் என்று மனேச்சர் தடுத்தார். இந்த வெயிலில்தான் பார்க்கவேண்டும் என்று அக்கா எழும்பினார்.

அக்கா முன் இருக்கையில் எனக்குப் பக்கத்தில், மனேச்சர் பின்னால் கட்டிலில். முதல் ஐந்து நிமிடம் அருமையான குளிர். வயல்வெளியைத் தாண்டினோம். அக்கா புறங்கையைத் துவாரத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை முள்ளில் வைத்திருந்தார். ஏழாவது நிமிடம், எட்டாவது நிமிடம். முள் ஏறிக்கொண்டு வந்து நடுவில் நின்றது. அக்கா என் இடக்கையைப் பிடித்துத் துவாரத்தின் முன்னால் வைத்தார். என் கைக்கே தெரிந்தது. குளிர் குறையவில்லை, குளிரோடு கூட எங்கிருந்தோ ஒரு சூடு வந்து கலந்துகொண்டிருந்தது.

"நிப்பாட்டும்" என்றார் அக்கா. சங்கானைக்கு முன்னால் ஒரு வேப்பமரத்தின் கீழே நிறுத்தினேன். முன் இருக்கைக்கு அடியில்தான் அந்த வானின் எஞ்சின். அக்காவை இறக்கி மரத்தடியில் விடாமல், சாரதி இருக்கையை மட்டும் தூக்கிப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து டாஷ்போர்டுக்குள் ஏறுகிற இரண்டு இறப்பர் குழாய்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். இரண்டும் கொதித்தன. எஞ்சினின் சுடுதண்ணீர் ஒரு குழாயால் டாஷ்போர்டுக்குள் போய் மற்றக் குழாயால் திரும்பி வந்துகொண்டிருந்தது. அதாவது ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து பாகை வெயிலில், முழு வேகத்தில், நாலு வாரமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒருபக்கம் குளிரைக் கூட்டக் கூட்ட, மறுபக்கம் அது சூடாக்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூடாகப் பத்து நிமிடம் பிடிக்கும், அதுவரைக்கும்தான் குளிர். என் மாமர நிழல் ஐந்து நிமிடத்துக்கு அது எப்படி அகப்படும்.

"அங்கை சூடு வரேல்லையெண்டு சனம் என்னைப் பேசும், இஞ்சை குளிர் வரேல்லையெண்டு உம்மைப் பேசுது" என்றார் அக்கா. "ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளாலைதான் வருது தம்பி."

குழாயில் துணியைச் சுற்றி, இறுக்கினால் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிற குறட்டால் நெரித்தேன். சுடுதண்ணீர் நின்றது. இருக்கையை இறக்கி, எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காற்றின் சூடு தணிந்தது, பிறகு குளிர்ந்தது, பிறகு அக்கா சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்து மூடிக்கொண்டார். மனேச்சர் பின்னாலிருந்து கழுத்தை நீட்டி, இது நிற்குமா என்று கேட்டார். நான் அதற்குள் டாஷ்போர்டின் அடிப்பக்கம் குனிந்து, தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். சூட்டைத் திறந்து மூடுகிற சின்ன வால்வு கண்ணுக்குத் தெரிந்தது. அதை இழுத்துப் பிடிக்கவேண்டிய கேபிள் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அதைக் கழற்றியவன் நான்தான். முதல் தடவை டாஷ்போர்டைக் கழற்றியபோது எடுத்துவிட்டேன், திரும்பப் பூட்டவில்லை. மறதியில்லை. அந்தக் கேபிளைக் கொழுவுவதற்குத் தலைகீழாகப் படுத்து அரைமணி நேரம் மினக்கெடவேண்டும், யாழ்ப்பாணத்தில் எவன் ஹீற்றர் போடப் போகிறான் என்று எத்தனையோ வருடமாக நான் அதை ஒரு வண்டியிலும் பூட்டுவதில்லை. மற்ற வண்டிகளில் வால்வு இறுக்கமாக இருந்து, மூடியபடியே கிடந்துவிட்டது. இந்த வண்டியில் அது இளகியிருந்தது, எங்கள் ரோட்டுக் குலுக்கலில் தானாகத் திறந்துகொண்டது. கொம்பிரசர், விசிறி, குளிர்க் குழாய் வால்வு என்று நான் கைவைத்த எதிலும் பிழை இருக்கவில்லை. பிழை என் சோம்பலில்தான் இருந்தது. பேசாமல் கேபிளைக் கொழுவிவிட்டு, சின்னக் கோளாறு, சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் விறாந்தைக்கு வந்திருந்த பெட்டிகள் கண்ணுக்கு முன்னால் நின்றன.

"அக்கா, உந்தக் கேபிளைக் கழட்டினது நான்தான். பூட்டாமல் விட்டனான்" என்றேன்.

"தெரியும்" என்றார். டாஷ்போர்டில் நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருப்புகிற குமிழை ஒரு விரலால் சுற்றிக் காட்டினார். அது பிடிமானமே இல்லாமல் சுழன்றது. "இது சும்மா சுத்தேக்கை தெரிஞ்சது."

"அப்ப சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னனான் தம்பி. நீர் சிரிச்சனீர்."

அவர் அதைக் குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னார். அதனால்தான் அது இன்னும் எனக்குள் இருக்கிறது. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, குனிந்து கேபிளைக் கொழுவி, குறட்டைக் கழற்றினேன். தலைகீழாகப் படுத்து அரைமணி நேரம் என்று நான் பயந்த வேலைக்குக் கால்மணி நேரம்கூட எடுக்கவில்லை. எழும்பியபோது அக்கா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். எனக்கு அது மன்னிப்பாகத்தான் பட்டது.

இது நடந்து நாலு வருடமாகிறது. என் வேலையில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. மாமர நிழலில் வண்டி பார்ப்பதை விட்டுவிட்டேன். வெயிலில் இறங்கி, சந்தியிலிருந்து அரைமணி நேரம் ஓடிப் பார்த்துத்தான் கையில் கொடுப்பேன். குடும்பமாக வந்தால் பின் இருக்கையில் இருப்பவர்களிடம் முதலில் கேட்பேன். கிழவிகள், பிள்ளைத்தாய்ச்சிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருக்கும் தங்களுக்கு எங்கே சுடுகிறது என்று துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. முன்னால் இருக்கிற ஆண்கள்தான், ஒன்றுமில்லை, காஸ் அடித்தால் சரி என்கிறார்கள். அந்த ஆண்களைப் பார்க்கும்போது எனக்குப் பழைய நான்தான் தெரிகிறேன், அதனால் கோபம் வருவதில்லை. நான் நல்லவனாகிவிட்டேன் என்று சொல்லவரவில்லை. வாய் அதே வாய்தான், நேற்றுக்கூட ஒருவரிடம் கத்தினேன் என்று மனைவி சாட்சி சொல்லுவாள். ஆனால் கேட்காமல் தீர்ப்புச் சொல்ல வாய் எழும்பும்போது, வேப்பமர நிழலில் பிடிமானமில்லாமல் சுழன்ற அந்தக் குமிழ் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

அன்றைக்குக் கேபிளைக் கொழுவி முடித்ததும் நான் வண்டியை வட்டுக்கோட்டைப் பக்கம் திருப்பப் பார்த்தேன். அக்கா விடவில்லை. நேரே வல்வெட்டித்துறைக்கு விடச் சொன்னார். மனேச்சர் பின்னாலிருந்து, மருந்து, சாப்பாடு, வெயில் என்று வரிசையாகக் காரணம் சொன்னார். அக்கா திரும்பியும் பார்க்கவில்லை. மருதனார்மடம் தாண்டி, புன்னாலைக்கட்டுவன் தாண்டி, அச்சுவேலி தாண்டி, ஒரு மணி நேரம் உச்சிவெயிலுக்குள்ளால் ஓடினோம். சங்கானையில் பத்து நிமிடத்தில் செத்த குளிர், தொண்டைமானாற்றுப் பாலத்தில் ஏறும்போதும் அப்படியே இருந்தது. பாலத்தில் வைத்து மனேச்சர் போர்வையை எடுத்துக் காலில் போட்டுக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்.

கடற்கரைத் தெருவில், மச்சாள் வீட்டு ஒழுங்கை வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஒழுங்கைக்குள் வண்டி போகாது, முப்பது நாற்பது அடி நடக்கவேண்டும். மனேச்சர் பதறியடித்து இறங்கித் தூக்கத் தயாராக வந்தார். அக்கா அவர் தோளில் ஒரு கையை மட்டும் வைத்து இறங்கினார். பிறகு அந்தக் கையையும் எடுத்துவிட்டு, மதிலைத் தொட்டபடி நடந்தார். மெதுவாக, ஆனால் கால்கள் சொன்னதைக் கேட்டன. வாசலில் கதிரையில் இருந்த மச்சாள், நடந்து வருவது யாரென்று முதலில் மட்டுக்கட்டவில்லை. தெரிந்ததும் இரண்டு கையையும் நீட்டினார். இரண்டு கிழவிகளும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் கடல் பக்கம் திரும்பி நின்றேன். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

வானைப் பார்க்க அயல் சனம் கூடியது. கையில் மீன் பையோடு வந்த ஒரு பக்கத்து வீட்டு அம்மா, உள்ளே எட்டிக் கட்டிலையும் அடுப்பையும் பார்த்து முடித்துவிட்டு, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைக் கண்டால் எங்கள் சனம் தவறாமல் கேட்கிற கேள்வியைக் கேட்டார். அக்கா கூப்பிடு தூரத்தில் இருந்தும் கேள்வி மனேச்சரிடம்தான் போனது.

"அக்கா எப்ப திரும்பிப் போறா?"

மனேச்சர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திங்கட்கிழமை டிக்கெட் போடுவது என்கிற பதில் அவரிடம் தயாராக இருந்தது என்பது எனக்குத் தெரியும். வாசல் பக்கம் பார்த்தார். அக்கா மச்சாளின் காலடியில், தரையில், ஒருவர் உதவியுமில்லாமல் இருந்து சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். மனேச்சர் திறந்த வாயை மூடினார்.

"அவவைக் கேளுங்கோ" என்றார்.

அந்த அம்மா திரும்பிக் கேட்டார். அக்கா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தபடி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"நான் போகேல்லை. இஞ்சைதான் இருக்கப்போறன்."

மனேச்சர் பிறகு என்னருகில் வந்து, வண்டியை எந்நேரமும் வெயிலில் விட்டால் ஏசிக்குக் கூடாதல்லவா என்று கேட்டார். ஓம் என்றேன்.

"அப்ப மழைக்கு முதல் வளவுக்குள்ளை ஒரு கொட்டில் போடவேணும் தம்பி" என்றார். சொல்லிவிட்டு வண்டியின் முன்பக்கத்துக்குப் போனார். செருப்பைக் கழற்றினார். ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து, வாய்க்குள் எண்ணியபடி, அந்த வானின் நீளத்தை அளக்கத் தொடங்கினார்.